வீட்டுக் கடன்: வேறு வங்கிக்கு மாற்றுவதா, இருந்த இடத்திலேயே வட்டியைக் குறைப்பதா?

2019 ஜனவரியில், திருநெல்வேலி கே.டி.சி. நகரில் கட்டிய வீடு ஒன்றை வாங்க ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தில் 24 லட்சம் ரூபாய் கடன் எடுத்தோம். இருபது வருஷம், 9.5 சதவீத மாறும் வட்டி, மாதத் தவணை 22,371 ரூபாய். 2026 ஜனவரியோடு ஏழு வருஷம் முடிந்தது. ஒரு மாதம்கூட விடாமல் கட்டியதைக் கூட்டினால் 18 லட்சத்து 79 ஆயிரம் வருகிறது. பாக்கி எவ்வளவு என்று பார்த்தால் 20 லட்சம். நாலு லட்சம்தான் அசலில் கழிந்திருக்கிறது. இடையில் வட்டி கொஞ்சம் இறங்கியது, பிறகு ஏறியது. தவணை அப்படியே இருக்க, மாதங்கள் மட்டும் குறைந்தும் கூடியும் கடைசியில் அதே 9.5 சதவீதத்துக்கும் 156 மாதத்துக்கும் வந்து நிற்கிறது. (படிக்க எளிதாக இருக்கட்டும் என்று பாக்கியை முழு எண்ணாக எழுதுகிறேன். சில நூறு ரூபாய் முன்னே பின்னே இருக்கும்.)

இந்த 20 லட்சத்தை என்ன செய்வது என்பதில் வீட்டில் மூன்று பேச்சு. அக்கா வீட்டு அத்தான் வேறு வங்கிக்கு மாற்றிவிடச் சொன்னார். வண்ணார்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் 7.75 சதவீதத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் நிறுவனமோ, ஒரு கட்டணம் கட்டினால் இருந்த இடத்திலேயே 8.25 ஆக்கித் தருவதாகச் சொன்னது. என் வீட்டுக்காரருக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் இருக்கிறது, அதை அசலில் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்போம் என்றார். மூன்றையும் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் பழைய தவணை அட்டவணை ஜங்ஷன் பக்கம் அப்பா வீட்டுப் பெட்டியில் இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மற்றக் காகிதங்களோடு அதுவும் ஊறிப்போய்விட்டது. அதனால் கைபேசியை விட்டால் வேறு வழியும் இல்லை.

ஒரு விஷயம் முதலில். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 6.50லிருந்து 5.25க்குக் கொண்டுவந்தது. அப்படியானால் எங்கள் வட்டியும் ஒன்றேகால் சதவீதம் இறங்கியிருக்க வேண்டாமா என்று தோன்றும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தே ஆக வேண்டும். எங்கள் கடன் அதற்கு முந்தையது. தந்ததும் வங்கி அல்ல, வீட்டுக் கடன் நிறுவனம். அதன் வட்டி அதனுடைய சொந்த அடிப்படை விகிதத்தை ஒட்டிப் போகிறது. பெரும்பாலும் நாம் போய்க் கேட்டால்தான் முழுதாகக் குறைப்பார்கள். 2019 அக்டோபருக்கு முன்னால் கடன் வாங்கிய பலருக்கு இது இன்னும் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, கைபேசிக் கணக்குக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த கருவிகள் மூன்று: இலவசமாகக் கிடைக்கும் பொதுவான தவணைக் கணக்குச் செயலி, எங்கள் நிறுவனத்தின் சொந்தச் செயலி, கூகுள் ஷீட்ஸ்.

பொதுச் செயலியில் மூன்று கட்டம். கடன் தொகை, வட்டி, காலம். நிரப்பினால் ஒரு நொடியில் தவணை வந்துவிடும். 20 லட்சம், 9.5, 156 மாதம் என்று போட்டேன். ஒரு செயலி 22,371 என்று சரியாகக் காட்டியது. டொரண்டோவில் இருக்கும் அண்ணன் மகன், "அத்தை, நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன், ரொம்ப நல்லா இருக்கும்" என்று அனுப்பிய செயலி 22,160க்குப் பக்கத்தில் காட்டியது. இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எது தப்பு என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். இரண்டுமே சரிதான். கனடாவில் நிலையான வட்டி வீட்டுக் கடனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டும் முறையில் வட்டி கணக்கிடுவது அந்த ஊர் வழக்கம். நம் ஊரில் வருஷ வட்டியைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் கணக்கிடுகிறார்கள். அந்தச் செயலி கனடாவுக்காகச் செய்தது.

அவனுக்கு அந்தச் செயலி தேவைப்படுவதே வேறு காரணத்துக்காக. அங்கே கடன் இருபத்தைந்து வருஷத்துக்கு என்றாலும் வட்டி ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்குத்தான். முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். காலம் முடியும் முன்பே உடைத்துக்கொண்டு வெளியேறினால் அபராதம்: நிலையான வட்டியென்றால் மூன்று மாத வட்டி, அல்லது பழைய வட்டிக்கும் இப்போதைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மீதிக் காலத்துக்குக் கணக்கிட்ட தொகை, எது அதிகமோ அது. பல ஆயிரம் டாலர் போய்விடும். அதைக் கணக்கிடாமல் அவன் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. நமக்கு அந்தப் பயம் வேண்டாம். தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கும், புதுப்பிக்கும் கடன்களுக்கு இதையே இன்னும் தெளிவாக்கியிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது, இத்தனை மாதம் கட்டிய பிறகுதான் அடைக்கலாம் என்று பூட்டும் போடக் கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் இறக்கிய இன்னொரு செயலியில் 'முன்கூட்டி அடைக்கும் கட்டணம்' என்ற கட்டத்தில் 2 சதவீதம் என்று அதுவாகவே நிரம்பியிருந்தது. நான் கவனிக்கவில்லை. 20 லட்சத்துக்கு 40,000 ரூபாய். வங்கி மாறினால் நஷ்டம் என்று அது காட்ட, அன்று ராத்திரியே அந்தப் பேச்சை விட்டுவிட இருந்தோம். மறுநாள் எங்கள் கடன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், மாறும் வட்டி என்று தெளிவாக இருக்கிறது. கட்டணம் சுழி. நிலையான வட்டியில் இருப்பவர்களுக்குக் கட்டணம் இருக்கலாம். அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

நிறுவனத்தின் சொந்தச் செயலிக்கு ஒரே ஒரு பெரிய பயன் உண்டு. இன்றைய தேதிக்கு அசல் பாக்கி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, எவ்வளவு வட்டி என்ற மூன்றையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் உத்தரவுப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதுவரை கழிந்த அசல், கட்டிய வட்டி, தவணைத் தொகை, மிச்சத் தவணைகள், வட்டி விகிதம் ஆகியவற்றை அவர்கள் தந்தாக வேண்டும். செயலியில் கிடைக்காவிட்டால் கிளையில் கேட்கலாம். அது நம் உரிமை. ஆனால் முடிவெடுக்க அந்தச் செயலி உதவவில்லை. 2 லட்சம் கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தபோது குறைந்த தவணையை மட்டும் காட்டியது. தவணையை அப்படியே வைத்து மாதங்களைக் குறைத்தால் என்ன என்று கேட்க அதில் இடமே இல்லை.

ஷீட்ஸில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. பி.எம்.டி. (PMT) என்று ஒரு சூத்திரம், மாத வட்டியும் மாதங்களும் அசலும் கொடுத்தால் தவணை சொல்லும். என்.பெர் (NPER) என்று இன்னொன்று, தவணையைக் கொடுத்தால் மாதங்களைச் சொல்லும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தைக் கண்டு பயந்தவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கற்றுக்கொண்டேன், உங்களாலும் முடியும்.

அதற்குள் வங்கியின் ஆள் ஒருவர் வீட்டுக்கே வந்தார். கைபேசியைத் திருப்பிக் காட்டினார். "இப்போ 22,371 கட்டுறீங்க. எங்ககிட்ட வந்தா 16,419 தான்." மாதம் ஆறாயிரம் மிச்சம் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. 20 லட்சம், 7.75 சதவீதம், 240 மாதம், 16,419. ஆனால் எங்களுக்கு மிச்சம் 156 மாதம்தானே? காலம் என்ற கட்டத்தில் அவர் மறுபடி இருபது வருஷம் போட்டிருந்தார். இப்போதைய கடனை இப்படியே கட்டி முடித்தால் மொத்தம் 34 லட்சத்து 90 ஆயிரம். அவர் சொன்னபடி போனால் 39 லட்சத்து 40 ஆயிரம். வட்டி ஒன்றேமுக்கால் சதவீதம் குறைந்தும் நாலரை லட்சம் கூடுதலாகக் கட்டியிருப்போம். அவர் ஏமாற்ற வந்தவர் என்று நான் சொல்லவில்லை. தவணை குறைந்தால் போதும் என்று இருக்கிற குடும்பங்கள் உண்டு, அவர்களுக்கு அது உதவியாகவும் இருக்கும். நாங்கள் கேட்டது அது இல்லை.

காலத்தை 156 மாதமாகவே வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. இருந்த இடத்திலேயே 8.25 என்றால் தவணை 20,942. வங்கிக்கு மாறி 7.75 என்றால் 20,383. இரண்டுக்கும் வித்தியாசம் 559 ரூபாய்.

இப்போது செலவு. உள்ளேயே வட்டியைக் குறைக்க எங்கள் நிறுவனம் பாக்கி அசலில் அரை சதவீதம் கேட்டது. 10,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,800, ஆக 11,800. ஒரு கையெழுத்தோடு முடிந்தது. வங்கி மாறுவதற்கு எந்தச் செயலியும் காட்டாத செலவுகள் இருந்தன. செயலாக்கக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 5,900. வக்கீலின் சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுப் பொறியாளருக்கும் 8,000. பத்திரங்களைப் புது வங்கியில் ஒப்படைத்ததை எழுதிப் பதியும் ஆவணத்துக்குத் தமிழ்நாட்டில் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, அது 10,000. பதிவுக் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி, பழைய அடமானத்தை நீக்கும் ரசீது ஆவணம், புது வில்லங்கச் சான்று எல்லாம் சேர்த்துப் பாளையங்கோட்டையில் எங்களுக்குத் தெரிந்த எழுத்தர் ஒரு 10,000 சொன்னார். மொத்தம் 33,900. இதில் எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் இந்த வரிசையில் எதையும் விடாமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆக, வங்கி மாற 22,100 ரூபாய் கூடுதல் செலவு. மாத மிச்சம் 559. வகுத்தால் நாற்பது மாதம், அதாவது மூன்று வருஷத்துக்கு மேல் ஆனால்தான் போட்ட காசு திரும்பும். நானும் முதலில் இப்படித்தான் கணக்கிட்டு அத்தானிடம் சொல்லிவிட்டேன். அது தப்பு. தவணையின் வித்தியாசம் உண்மையான மிச்சம் ஆகாது. முதல் மாதம் 8.25இல் வட்டி 13,750, 7.75இல் 12,917. வட்டியில் மிச்சம் 833. தவணை 559தான் குறைகிறது, மீதி 270 சொச்சம் அசலில் கூடுதலாகக் கழிகிறது. அது கண்ணுக்குத் தெரியாமல் நம் பக்கம் சேர்ந்துகொண்டே போகும். மாதவாரி அட்டவணையைப் போட்டு வட்டிப் பத்தியை மட்டும் கூட்டிப் பார்த்தபோது, 28 மாதத்திலேயே செலவு திரும்பிவிடுகிறது. நாற்பது மாதம் என்பதும் இருபத்தெட்டு மாதம் என்பதும் முடிவையே புரட்டிப் போடக்கூடிய வித்தியாசம். மாதவாரி அட்டவணை காட்டாத செயலியை வைத்துக்கொண்டு வங்கி மாறும் முடிவை எடுக்காதீர்கள்.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. வட்டி குறைந்தாலும் தவணையைக் குறைக்காமல் பழைய 22,371ஐயே கட்டினால்? 8.25இல் 156 மாதம் 140க்கு வந்துவிடுகிறது. 7.75இல் 134. ஏற்கனவே கட்டிப் பழகிய தொகைதான், வீட்டுச் செலவில் ஒரு மாற்றமும் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல் முன்னாடியே கடன் முடிகிறது. வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்பதும் அந்த 2023 உத்தரவிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் செய்து தருவார்கள். கேட்காவிட்டால் அவர்கள் வழக்கப்படி ஏதோ ஒன்று நடக்கும்.

வீட்டுக்காரர் சொன்னதையும் போட்டுப் பார்த்தேன். வட்டி 9.5ஆகவே இருக்கட்டும், 2 லட்சத்தை அசலில் கட்டித் தவணையை மாற்றாமல் விட்டால் 156 மாதம் 129 ஆகிறது. ஒரு கட்டணமும் இல்லாமல் 27 மாதம் குறைகிறது! வட்டிக் குறைப்பு மட்டும் தருவதைவிட இது அதிகம். மனிதர் கைபேசி இல்லாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இது ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்பதில்லையே. 2 லட்சத்தைக் கட்டி, வட்டியையும் 8.25 ஆக்கி, அதே தவணையைத் தொடர்ந்தால் 118 மாதம். பதின்மூன்று வருஷம் பத்து வருஷத்துக்குள் வந்துவிட்டது.

அப்புறம் மிச்சமிருந்தது வங்கி மாறுவதா வேண்டாமா என்பது மட்டும்தான். என் பெயரில் 2012-13இல் தொடங்கிய பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) சேமிப்பு 2028 ஏப்ரலில் முதிர்கிறது. 16 லட்சம் அளவுக்கு வரும். அதற்கு இப்போது வட்டி 7.1 சதவீதம், கடனுக்கு 8.25 கட்டிக்கொண்டு இதை நீட்டிப்பதில் பொருளில்லை. ஷீட்டில் பார்த்தால் இன்னும் 26 மாதத்தில், அதாவது 2028 ஏப்ரலில், கடன் பாக்கி 15 லட்சத்துச் சொச்சம். அதோடு கடனை அடைத்துவிடலாம். 2 லட்சத்தை முதலில் கட்டிவிட்டால் வங்கி மாறும் செலவு திரும்பக் கிட்டத்தட்ட முப்பது மாதம் ஆகும். எங்களுக்கு அத்தனை மாதம் இல்லை. அதனால் இருந்த இடத்திலேயே குறைத்துக்கொண்டோம்.

உண்மையைச் சொன்னால், எங்கள் விஷயத்தில் வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு நடை, விடுப்பு, ஒரு இடத்திலிருந்து பத்திரம் வெளியே வந்து இன்னொரு இடத்துக்குப் போகும்வரை இருக்கும் படபடப்பு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்தோம். கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023 டிசம்பர் 1 முதல் விதி இருக்கிறது. அது பெரிய தைரியம். இருந்தாலும் வெள்ளத்தில் காகிதங்களைப் பறிகொடுத்த வீட்டில் மூலப் பத்திரம் என்றாலே மனசு அடித்துக்கொள்ளும்.

உங்கள் நிலை வேறாக இருந்தால் முடிவும் வேறுதான். இடையில் அடைக்கப் பெரிய தொகை எதுவும் வரப்போவதில்லை, பத்துப் பன்னிரண்டு வருஷம் கட்டித்தான் தீர வேண்டும் என்பவர்கள் வங்கிக்கு மாறுவதே நல்லது. எங்கள் எண்களிலேயே கடைசிவரை அதே தவணையில் கட்டினால், செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகிறது. ரெப்போ இறங்கினால் நாம் போய்க் கேட்காமலே வட்டி இறங்கும் என்பது கூடுதல் வசதி. ஏறினாலும் அப்படியே ஏறும்: 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனதை வங்கிக் கடன்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் நிறுவனம் உள்ளே குறைக்கும் வட்டிக்கும் வங்கி தரும் வட்டிக்கும் ஒரு சதவீதம் இடைவெளி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாறிவிடுங்கள்.

செயலிகளைப் பற்றி இன்னும் ஒன்று. தவணை கணக்கிட உங்கள் தொடர்பு எண்களும் குறுஞ்செய்திகளும் படங்களும் எதற்கு? அவற்றைக் கேட்கும் செயலியை உடனே நீக்கிவிடுங்கள். கடன் தரும் செயலிகளே அவற்றைத் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கணக்குப் போடும் பெட்டிக்கு அந்தத் தேவையே கிடையாது.

வேலையைச் செய்த வரிசையையும் சொல்லிவிடுகிறேன், அதிலும் காசு இருக்கிறது. முதலில் 2 லட்சத்தை அசலில் கட்டி, பாக்கி 18 லட்சம் என்று செயலியில் தெரிந்த பிறகுதான் வட்டிக் குறைப்புக்கு எழுதிக் கொடுத்தோம். கட்டணம் பாக்கி அசலில் அரை சதவீதம் ஆயிற்றே; 11,800க்குப் பதில் 10,620 ஆனது. கூடவே தவணை மாற வேண்டாம், காலம் குறையட்டும் என்று ஒரு வரி எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். பிப்ரவரித் தவணை போனதும் கணக்கு அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். பழையபடி இருந்திருந்தால் 22,371இல் வட்டிக்கு 15,833 போய், அசலில் 6,538 கழிந்திருக்கும். இந்த மாதம் வட்டி 12,375, அசல் 9,996.